எல்லிஸ் துரையும் அவர் காகிதங்களும்

பிறநாட்டினின்றும் இந்நாடு போந்து, இங்கேயே வாழ்ந்து, இங்கேயே மாய்ந்த ஆங்கிலேயர் பலர். அவருட் பெரும்பாலார் கும்பினியின் ஊழியத்திற் பொருளீட்ட வந்தவர். ஈட்டியவர் தம் ஊர்க்கு மீண்டனர். ஈட்டுமுன் இறந்தவர் நம் ஊர்க் கல்லறைகளிற் கிடக்கின்றனர். அன்னோர் எழுதிய கடிதங்களும் கணக்குகளும் நாட்குறிப்புகளும் இலண்டனிலும் சென்னையிலும் உள்ள ஆவணச் சாலைகளில் மலை மலையாகக் குவிந்திருக்கின்றன. எவர் எந்நாளிற் கப்பலேறினார், எவர்க்கு எத்துணைச் சம்பளம், எவர் எவரோடு பிணங்கினார் என்பனவெல்லாம் அங்கே செவ்வையாகக் காணலாம். ஆயின், அவருள் தமிழர் அறிந்து போற்றத்தக்க ஒருவர் தம் கையால் எழுதிவைத்த காகிதங்களிற் பெரும்பகுதி மதுரையில் ஓர் அடுப்பிற் புகுந்து சாம்பலாயிற்று. அவரே பிரான்சிஸ் வைட் எல்லிஸ் என்பார். அவர் வரலாற்றையும் அக்காகிதங்களின் கதியையும் நம் சங்கத்து அன்பர்க்கு ஈண்டு ஒருவாறு எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

எல்லிஸ் 1777-ஆம் ஆண்டிற் பிறந்தவர். 1796-இல், பத்தொன்பது வயதளவில், கும்பினியின் எழுத்தர் வேலையேற்றுச் சென்னைக்கு வந்தார். நிலவரி மேற்பார்க்கும் ரெவினியூ போர்டில் ஒன்றன்பின் ஒன்றாகப் பதவி உயர்ந்து 1802-இல் அதன் காரியதரிசியானார். 1806-இல் மசூலிப்பட்டணத்து ஜில்லா நீதிபதி. 1809-இல் நிலச்சுங்கத்துக்குக் கலெக்டர். 1810-இல் சென்னைக்கே கலெக்டர். உத்தியோக வரலாறு இவ்வளவே. இவ்வளவும் பிற துரைமார்க்கும் உள்ளதாகலின் இதனை நீட்டாது விடுகின்றோம்.

அவர் தனிச்சிறப்பு வேறிடத்திற் கிடக்கின்றது. ரெவினியூ போர்டில் இருந்த காலத்திலேயே அவர் தமிழும் வடமொழியும் தெலுங்கும் கற்கத் தலைப்பட்டார். துபாஷிகள் சொல்லிய அளவிற் கேட்டு அமையும் வழக்கம் அந்நாளைத் துரைமாரிடைப் பெருகியிருந்தது. எல்லிஸோ நூல் வல்ல பண்டிதர்களிடம் நேரே பாடங் கேட்டார். ஏடுகளைத் தேடித் தொகுத்தார், கல்வெட்டுகளைப் படியெடுப்பித்தார், யாப்பு இலக்கணத்தையும் விடாது பயின்றார். பயின்றவற்றையெல்லாம் காகிதத்தில் எழுதி எழுதிச் சேர்த்தார். எழுதியதை அச்சிடுவதற்கு மட்டும் அவர் விரையவில்லை. நாற்பது வயது நிரம்புமுன் தம் பெயரால் நூல் ஒன்றும் வெளியிடுவதில்லை என்று அவர் உறுதி பூண்டிருந்தனர் என்ப. அறிவு முதிர்ந்தபின் சொல்லுவதே சொல் என்பது அவர் கருத்துப் போலும். யாமும் நாற்பதைக் கடந்தோம். எம் மேசையறையிலும் முடியாத குறிப்புகள் சில கிடக்கின்றன. ஆதலின் அவ்வுறுதியைப் பிழையென்று சொல்ல எமக்கு நா எழவில்லை. எனினும் அதனால் விளைந்த இழப்பை நினையுந்தோறும் நெஞ்சு பதைக்கின்றது.

1812-ஆம் ஆண்டிற் சென்னையிற் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி என்பதொன்று தோன்றிற்று. இங்கிலாந்திலிருந்து புதியராய் வரும் இளந்துரைமார்க்கு இந்நாட்டு மொழிகளைக் கற்பித்தல் அதன் நோக்கம். நுங்கம்பாக்கத்துக் கல்லூரிச் சாலை என்னும் பெயர் அக்கல்லூரியால் வந்ததேயாம். அதனை நடத்திய மேற்பார்வைச் சபையில் எல்லிஸே உயிர்போன்றவர். அச்சபை தமிழ், தெலுங்கு முதலிய மொழிகளின் ஆசிரியரை ஆய்ந்து அமர்த்திற்று; இலக்கண நூல்களை அச்சிட்டது; ஏடுகளைத் திரட்டி நூல்நிலையம் ஒன்றும் அமைத்தது. இத்தாலி நாட்டினின்று வந்த வீரமாமுனிவர் இலத்தீன் மொழியிற் செய்த கொடுந்தமிழ் இலக்கணம் அங்கே 1813-இல் அச்சாயிற்று. அம்முனிவருடைய பிற நூல்கள் எங்கெங்கு உள்ளனவெனத் தேடி வருமாறு கல்லூரியைச் சார்ந்த முத்துசாமிப் பிள்ளையை எல்லிஸ் தென்னாட்டிற்கு அனுப்பினார். முத்துசாமிப் பிள்ளை ஊர் ஊராகத் திரிந்து ஏடுகளைக் கொணர்ந்தார். முனிவரைப் பற்றி முதியோர்வாய்க் கேட்டறிந்தவற்றையும் தொகுத்து 1822-இல் அவர் சரித்திரத்தைத் தமிழில் எழுதினார். அவ்வாறு தேடியிராவிடின் வீரமாமுனிவர் வரலாற்றில் இன்று நாம் அறிந்தவற்றுட் பல மறைந்தே போயிருக்கும்.

இனி, எல்லிஸின் பெயரை மொழிநூலார் மறவாதிருத்தற்குக் காரணமாய செய்தியைக் கூறுவாம். 1786-இற் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் என்பார், வடமொழியும் கிரேக்கமும் இலத்தீனும் ஒரு குடும்பத்தின என்று கூறினார். அதுமுதல் ஐரோப்பிய அறிஞர்க்கு வடமொழியின்மேல் எல்லையற்ற ஆர்வம் பிறந்தது. அவ்வார்வத்தாற் கல்கத்தாவில் இருந்தோர், இந்தியாவின் மொழிகள் எல்லாம் வடமொழியினின்று பிறந்தனவே என்று துணிந்தனர். கேரி பாதிரியார் 1814-இல் வெளியிட்ட தெலுங்கிலக்கணத்திலும் அக்கருத்தே காணப்பட்டது. சென்னையில் இருந்துகொண்டு தமிழையும் தெலுங்கையும் கன்னடத்தையும் ஒருங்கே நோக்கிய எல்லிஸுக்கு அது பொருந்தாக் கூற்றாகத் தோன்றிற்று. காம்பெல் என்னும் துரை 1816-இற் கல்லூரியின் வழியாகத் தெலுங்கிலக்கணம் ஒன்று வெளியிட்டார். அதன் முகவுரையோடு சேர எல்லிஸ் ஓர் ஆராய்ச்சிக் குறிப்பு எழுதினார். குறிப்பு என்று பெயரேயன்றி அது தனி நூலாதற்குத் தகுதி வாய்ந்தது.

அதன் முறையைச் சிறிது விரித்துரைத்தல் நன்று. கல்லூரியின் தெலுங்கு, வடமொழிப் பண்டிதராகிய பட்டாபிராம சாஸ்திரியார் தெலுங்கு வினைப்பகுதிகளை அகர வரிசையில் தொகுத்து ஒரு தாதுமாலை செய்திருந்தார். எல்லிஸ் முதலில் வடமொழித் தாதுக்களையும் தெலுங்குத் தாதுக்களையும் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டினார். அவை ஒன்றையொன்று ஒவ்வாமை கண்கூடாயிற்று. பின்னர்த் தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றின் பகுதிகளையும் அவ்வாறே நிரையாக நிறுத்தினார். அவை ஒரு வயிற்று மக்கள்போல் ஒத்திருந்தன. சொற்களைத் தற்சமம், தற்பவம், தேசியம் எனப் பிரிக்கும் நம் நாட்டு இலக்கண மரபே அவர்க்குக் கருவியாயிற்று. வடசொற்களைக் களைந்தபின் எஞ்சி நிற்கும் சொற்களும் சொல்லாக்கமும் தொடர் அமைதியும் இம்மொழிகட்குப் பொது என்பதும், அப்பொதுமை வடமொழியின் வேறானதென்பதும் இவ்வாறு நாட்டப்பட்டன. மலையாளம், துளு, குடகு ஆகியவற்றோடு, வடக்கே இராஜமகால் மலையில் வழங்கும் மொழியையும் அவர் இக்குடும்பத்தொடு தொடர்புபடுத்தினார். கால்டுவெல் ஐயரின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது 1856-இல். எல்லிஸ் அதனை நாற்பது ஆண்டு முந்தினார். பள்ளியில் மாணவர்க்குக் கால்டுவெல்லின் பெயரைச் சொல்லி எல்லிஸின் பெயரைச் சொல்லாது விடும் வழக்கம் எம்மிடத்தும் நெடுநாள் இருந்தது என்பதை ஈண்டு ஒப்புக்கொள்ளுகின்றோம். கால்டுவெல்லின் பெருமை இதனாற் குறைவதன்று. அவர் கட்டிய மாளிகைக்கு இவர் கடைகால் வகுத்தவர்.

பட்டாபிராம சாஸ்திரியாரை மேலே குறித்தோம். எல்லிஸின் பக்கத்தில் அவரைப்போன்ற நம்மவர் பலர் இருந்தனர். அவருள் கலெக்டர் கச்சேரியிற் சிரஸ்தேதாராயிருந்த சங்கரையர் ஒருவர். அரசாங்கத்தார் மிராசு உரிமையைப் பற்றிப் பதினேழு வினாக்கள் விடுத்தனர். எல்லிஸ் அவற்றிற்கு விரிவான விடை எழுதினார். அவ்வேலையிற் சங்கரையரின் உழைப்பு பெரிது. தொண்டைமண்டலத்துக் காணியாட்சி எத்தகையது, அதனை விற்கவும் ஒற்றி வைக்கவும் உரிமை யாவர்க்கு உண்டு என்பனவற்றைப் பழைய சாசனங்களையும் கிரயச் சீட்டுகளையும் நூல் வழக்கையும் காட்டி அவ்விடைகள் நிறுவின. நிலம் அரசர்க்கே உரியதென்றும் உழுவோரும் காணியாளரும் வெறும் குடிகளே என்றும் கும்பினியாருட் பலர் எண்ணியிருந்த காலம் அது. நம் மரபினர் பலர் பாட்டன் பூட்டன் காலத்து ஓலைகளை இன்னும் பரணில் வைத்திருக்கின்றனர். அவ்வோலைகளைப் போன்றனவே அன்று கலெக்டர் கச்சேரியிற் சான்றாக ஏறின என்பதை அன்பர்கள் கருதுக.

திருக்குறளின்மேல் எல்லிஸ் கொண்ட காதல் அளவிறந்தது. அயோத்திதாசப் பண்டிதர் எழுதியுள்ளபடி, ஹாரிங்டன் துரையிடம் ஊழியம் பார்த்த தம் பாட்டனார் கந்தப்பனாரே குறளேட்டை அத்துரை வாயிலாக எல்லிஸுக்குச் சேர்ப்பித்தவர். ஏடு எவ்வழி வந்ததாயினும், அதனைப் பெற்றவர் அதனிலேயே தோய்ந்தார். அறத்துப்பாலிற் பதின்மூன்று அதிகாரங்களிலிருந்து நூற்றிருபது குறட்பாக்களை ஆங்கிலத்தில் பெயர்த்து, ஒவ்வொன்றற்கும் நீண்ட உரையும் வகுத்தார். அவ்வுரையில் வேறு பல தமிழ் நூல்களினின்றும் மேற்கோள்கள் நிரம்பியுள்ளன. நாணயச் சாலை அவர் பொறுப்பில் இருந்தபோது திருவள்ளுவர் அமர்ந்த கோலம் பொறித்த பொற்காசும் அடிப்பித்தார். அவ்வுருவம் வள்ளுவருடையதே என்பதனை ஐராவதம் மகாதேவன் 1990-களில் ஆராய்ந்து வெளியிட்டார். அதுகாறும் அக்காசில் இருப்பவர் யாரென ஒருவரும் அறிந்திலர்.

1818-இற் சென்னையிற் குடிநீர்ப் பஞ்சம் உற்றபோது எல்லிஸ் இருபத்தேழு கிணறுகளைத் தோண்டுவித்தார். இராயப்பேட்டைப் பெரியபாளையத்தம்மன் கோயிலில் உள்ள கிணறு அவற்றுள் ஒன்று. அதனருகே நாட்டிய கல்லில் ஆசிரியப்பாவாற் பொறித்த சாசனம் காணப்படுகின்றது. அதிலே கும்பினியாரின் ஆட்சிப்பெருமை பாடப்பட்டிருக்கின்றது; நாட்டுக்கு நீர்வளம் உறுப்பாதலைக் கூறும் குறட்பாவும் இடம்பெற்றிருக்கின்றது; எல்லிஸ் தம் பெயரைத் தமிழ்ப்படுத்தி எல்லீசன் என்று வைத்திருக்கின்றார். பிறநாட்டார் ஒருவர் கிணற்றுக் கல்லிலே தம் பெயரைத் தமிழ் ஈறு கொடுத்துப் பொறித்துக்கொண்டாரென்றால், அவர் உள்ளம் எங்கே குடியிருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுவதின்று.

நாற்பது வயது கடந்தது. வெளியிடுதற்குக் குறித்த பருவம் வந்தெய்தியது. குறளுரை அச்சேறத் தொடங்கிற்று. அந்நிலையில் எல்லிஸ் தென்னாட்டு யாத்திரை மேற்கொண்டார். 1819 மார்ச்சு மாதம் இராமநாதபுரத்தில் திடுமென உயிர் துறந்தார். வாந்திபேதியால் இறந்தனர் என்று முன்னோர் எழுதினர். மருந்தென எண்ணி நஞ்சைத் தவறி உட்கொண்டனர் என்பது பிற்கால ஆராய்ச்சியிற் புலனாயது. அவர் நினைவாக எழுப்பிய கல்லில் ஆங்கிலத்தோடு தமிழும் பொறிக்கப்பட்டிருக்கின்றது.

பிறநாட்டில் இறந்த உத்தியோகஸ்தர்க்கு அந்நாளில் நடந்தது இவர்க்கும் நடந்தது. விலையுள்ள உடைமைகள் ஏலத்திற் போயின. மேசையும் நாற்காலியும் வண்டியும் குதிரையும் எடுப்பார்க்கு விலைகூற ஆள் இருந்தது; காகிதத்தை எடுப்பார் இல்லை. எழுத்துக்கட்டுகள் மதுரைக் கலெக்டர் ரௌஸ் பீட்டர் துரையின் வீட்டிற் கிடந்தன. மீனாட்சியம்மைக்குப் பொன்னாலாய அங்கவடி காணிக்கை தந்து, மதுரை மக்களாற் பீட்டர் பாண்டியன் என்று கொண்டாடப்பட்டவர் இவரே. இவர் வீட்டுச் சமையற்காரன் அக்கட்டுகளைச் சிறிது சிறிதாக உருவிப் பல மாதங்கள் அடுப்பு மூட்டவும், கோழியின் மயிரைத் தீயில் வாட்டிப் பொசுக்கவும் பயன்படுத்திவந்தான். இதனைப் பின்னாளில் எழுதிவைத்தவர் வால்ட்டர் எலியட் என்னும் துரை. அமராவதிச் சிற்பங்களைச் சென்னைக்குக் கொணர்ந்தவரும் அவரே.

அச்சமையற்காரனை யாம் நோவதற்கில்லை. அவன் கையிற் கிடைத்தது உலர்ந்த காகிதம். அவனுக்கு வேண்டியது தீ. அதன்கண் எழுதியிருந்தது யாப்பிலக்கணமோ குறளுரையோ அவன் எங்ஙனம் அறிவான்? அறிந்தவர்கள் கூடத்தில் இருந்தார்கள், அவர்கள் கேட்டிலர். எம் இளமையில், எம் பாட்டனார் காலமானபின், வீட்டிற் கிடந்த ஏட்டுக்கட்டுகளை எம் குடும்பத்தாரே ஆடிப் பெருக்கில் ஆற்றில் விட்டனர். அதனைப் புண்ணியமென்றே எண்ணி விட்டனர். கரையில் நின்று பார்த்த எமக்கு அப்போது வயது ஒன்பது. அவற்றுள் ஒரு கட்டின் மேற்பலகையில் வண்ணத்தாற் கொடி வரைந்திருந்தது மட்டும் இன்றும் கண்ணில் நிற்கின்றது. உள்ளே இருந்தது எந்நூல் என்று கேட்டற்கு அன்றிருந்தோர் இன்றில்லை. ஆதலால், அன்பர்களே, மதுரையில் எரிந்த கதையை இங்கிலீஷ்காரர் வீட்டுக் கதையென்று எண்ணிக் கடந்துவிட எம்மால் ஆகவில்லை.

எரிந்தது போக எஞ்சியது எவ்வாறு நமக்கு எய்திற்று என்பதும் வியப்பே. எலியட் துரை தேடிக் கண்டவற்றைத் தம்மிடம் பல்லாண்டு காத்தார். மலையாள மொழியைப் பற்றி எல்லிஸ் எழுதிய ஆராய்ச்சி அவர் முயற்சியால் 1878-இல் ஓர் ஆராய்ச்சி இதழில் மறுபடி வெளிப்போந்தது. தம் முதுமையில் அவர் எஞ்சிய எழுத்துகளைப் போப்பையரிடம் ஒப்புவித்தார். போப்பையர் அவற்றை ஆக்ஸ்போர்டிலுள்ள போட்லியன் நூல்நிலையத்திற் சேர்த்தார். 1886-இல் தாம் அச்சிட்ட திருக்குறட் பதிப்பில் எல்லிஸின் மொழிபெயர்ப்பையும் உடன்வைத்து வெளியிட்டார். அரசாங்கத்தோடு எல்லிஸ் நடத்திய கடிதப் போக்குவரத்துகளோ சென்னை ஆவணச் சாலையிலும் இலண்டனிலும் தப்பின. கச்சேரிக் காகிதத்தை எந்தச் சமையற்காரனும் தொடுவதில்லை. கல்லூரி 1854-இல் மூடப்பட்டது. அது திரட்டிய ஏடுகள் பின்னர்ச் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நிலையத்தைச் சேர்ந்தன.

இன்னும் ஒரு வழி உண்டு. ஜான் லேடன் என்னும் ஸ்காட்லாந்து வைத்தியர் 1803-இற் சென்னைக்கு வந்தவர்; பன்மொழி கற்பதிற் பேராவல் உடையவர். எல்லிஸுக்கும் அவர்க்கும் நட்பு முதிர்ந்தது. பிரிந்தபின் கடிதம் எழுதிக்கொண்டனர். லேடன் 1811-இல் ஜாவாவில் இறந்தார். அவருடைய காகிதங்கள் பம்பாயிலிருந்த வில்லியம் எர்ஸ்கின் என்னும் நண்பரிடம் சென்றன. எர்ஸ்கின் ஒரு துண்டையும் எறியாதவர். அவர் காத்தவை எடின்பரோவின் தேசிய நூல்நிலையத்தில் இப்போது உள்ளன. தம்மிடம் வைத்துக்கொண்ட எழுத்தை எல்லிஸ் இழந்தார். நண்பர்க்கு எழுதி அனுப்பிய எழுத்து, அந்நண்பரும் இறந்து, கடல் கடந்து, இருநூறு ஆண்டு கழிந்தும் பிழைத்திருக்கின்றது. தாமஸ் டிரவுட்மன் என்னும் அமெரிக்க வரலாற்றாசிரியர் இவ்வூர்களிலெல்லாம் சிதறிக் கிடந்தவற்றைத் தேடிப் படித்து, எல்லிஸையும் அவரோடு உழைத்த பண்டிதர்களையும் பற்றி 2006-இல் ஒரு நூல் வெளியிட்டார். அது தமிழிலும் பெயர்க்கப்பட்டிருக்கின்றது. பட்டாபிராம சாஸ்திரியாரும் சங்கரையரும் தமக்குரிய இடத்தை அந்நூலிற் பெற்றிருத்தல் எமக்கு மிக்க மகிழ்ச்சி தந்தது.

எல்லிஸின் குறளுரையைச் சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1955-இல் மறுபடி அச்சிட்டனர், பதிப்பித்தவர் ரா. பி. சேதுப்பிள்ளை. எம் பள்ளி நூலறையில் அதன் பழம்படி ஒன்று உண்டு. அட்டை கழன்றது, உள்ளே பூச்சி தொட்டிலது. பதின்மூன்றாம் அதிகாரத்தோடு உரை நின்றுவிடுகின்றது. எம்மிடம் தமிழ் கேட்கும் மாணவன் ஒருவன், இதற்குமேல் அவர் எழுதியது எங்கே ஐயா என்று சென்ற ஆண்டு வினவினான். மதுரைக்குப் போய்விட்டது என்று கூறிப் பின்னர் முழுக் கதையையும் சொன்னோம். மறுவாரம் அவன் தன் வீட்டுப் பரணிலிருந்து ஒரு துணிமூட்டையைக் கொண்டுவந்தான். அதனுள் நில ஒற்றி ஓலைகள் பதினொன்றும், எழுத்து மங்கிய ஏடொன்றும் இருந்தன. ஏட்டை இன்னும் யாம் முழுதும் படித்து முடிக்கவில்லை.